மணிக்கட்டுக்கு எடுத்த படம்

என் வயதுக்காரருக்குத்தான் இதை எழுதுகிறேன். எழுபதைத் தாண்டியவர்களும் தாண்டக் காத்திருப்பவர்களும் வாசியுங்கள். இளையவர்கள் வாசித்தால், "உங்கடை காலத்து ஆக்கள் உப்பிடியோ?" என்று கேட்பார்கள். ஓம், அப்படித்தான் என்று சொல்ல எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

போன மாதம் என் மகளின் மகள் கொக்குவிலில் எங்கள் வீட்டு மதிலில் ஏறி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். பன்னிரண்டு வயது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் இந்தக் குடாநாட்டில் வீடு கட்டுகிற எந்த மேசனிடமும் கேட்டுப் பாருங்கள், என் கடையைத் தெரியாதவன் இல்லை. உடுப்பிட்டியில் ஒன்று, கொக்குவிலில் ஒன்று, பட்டணத்தில் ஒன்று. கம்பி, சீமெந்து, ஓடு, எல்லாம் உண்டு. ஒருவர் கையையும் பார்க்காமல் நானே போட்ட கடைகள். அப்படிப்பட்ட என்னை ஒரு சின்ன டொக்டர், மீசைகூட ஒழுங்காக முளைக்காத பெடியன், கதவைக் காட்டி வெளியே போகச் சொன்னான். என்னை மட்டுமல்ல, என் மகளையும் மருமகனையும்கூட.

"பிள்ளையோடை நான் தனியக் கதைக்க வேணும். நேர்ஸ் மிசி பக்கத்திலை நிப்பா. நீங்கள் கொஞ்ச நேரம் வெளியிலை இருங்கோ."

மருமகனுக்கு முகம் கறுத்துவிட்டது. "தாயை வைச்சுக்கொண்டு கேக்க ஏலாத கேள்வி என்ன கேள்வி?" என்று விறாந்தையில் நின்று கத்தினார். மகள் கண்ணைத் துடைத்தாள். என்ன கேள்வி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுவரோரம் கிடந்த வாங்கில் போய் இருந்துவிட்டேன்.

வீட்டுக்குப் புறப்படும்போது அந்தச் சின்ன டொக்டரிடம் மெதுவாகக் கேட்டேன். "தம்பி, உது ஆர் பழக்கின பழக்கம்?"

"எனக்குப் படிப்பிச்சவருக்குப் படிப்பிச்ச பெரியவர் ஒருத்தர் இருந்தவர், ஐயா. சின்னப்பிள்ளையளின்ரை எலும்புக்கு அந்தக் காலத்திலை அவரை விட்டால் ஆளில்லை. வளருற பெட்டையின்ரை எலும்பிலை கை வைக்க முந்தித் தாய் தேப்பனை வெளியிலை விட்டிட்டு, பிள்ளையிட்டையே கேள் எண்டு அவர்தான் எல்லாருக்கும் பழக்கினவர். இளம் வயசிலை இந்தப் பக்கம் வேலை செய்யேக்கை ஏதோ ஒரு வீட்டிலை நல்லா அடிபட்டவராம்."

"எந்த வீடாம்?"

"அவர் ஒருநாளும் சொல்லேல்லையாம்."

அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அந்த வீடு பண்டத்தரிப்பில் இருந்தது. நான் பிறந்த வீடு.

அந்த வருசம் எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. எங்கள் வளவுக்கும் மாமாவின் வளவுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வேலி ஒரு அடி எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டது என்று ஐயா சொன்னார். இல்லை, தன் பக்கம்தான் நகர்ந்தது என்று மாமா சொன்னார். இரண்டு பேரும் கோட்டுக்குப் போய், வழக்கு வருசக்கணக்காக இழுபட்டது. மாமா வீட்டில் கறி தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம், அவ்வளவு கிட்ட. ஆனால் கதை பேச்சு இல்லை. அம்மா தன் தம்பியின் முகத்தை வேலி இடுக்கால்தான் பார்ப்பாள்.

அந்தச் சண்டை உச்சத்தில் நின்ற ஒரு ஆவணியில், அதாவது நான் சொல்ல வருகிற வருசத்துக்கு இரண்டு வருசம் முந்தி, அக்கா பெரியபிள்ளையானாள். எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் வந்து தேங்காய் உடைத்து, தலையில் பாலும் அறுகும் வைத்து, முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். மாமன் இல்லாமல் வார்த்தால் ஊர் வாய் திறக்கும். மாமனைக் கூப்பிட்டாலோ ஐயா வேலியில் தோற்றதாகிவிடும்.

நான் அடுக்களை வாசலில் இருந்து பனங்காய்ப் பணியாரம் தின்றுகொண்டிருந்தேன். ஐயா அம்மாவிடம் குரலைத் தணித்துச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"ஆருக்கும் மூச்சு விடாதை. வழக்குத் தீரட்டும். அதுக்குப் பிறகு ஒரு நல்ல நாளாப் பாத்து, அண்டைக்குத்தான் ஆனவள் எண்டு சொல்லுவம்."

"இஞ்சேருங்கோ, உது மறைக்கிற சாமானே?"

"மறைச்சால் மறையும்."

பிறகு என் பக்கம் திரும்பி, என் காதைப் பிடித்து எழுப்பினார். "டேய், நீயும்தான். வாய் திறந்தியோ, தோலை உரிப்பன்."

மிச்சப் பணியாரத்தை வாய்க்குள் திணித்துக்கொண்டு தலையாட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் ஒரே வாய்.

மறைப்பது என்றால் லேசான வேலையா? அம்மா அக்காவுக்கு முழங்காலுக்கு மேல் நிற்கிற சின்னச் சட்டைகளையே தொடர்ந்து போட்டுவிட்டாள். மற்ற வீடுகளில் பெட்டைகளை உள்ளே கூப்பிட்டு வைக்கிற வயதில், எங்கள் அம்மா அக்காவை ஒழுங்கைக்குத் துரத்தினாள். "போய் ஓடிப் பிடிச்சு விளையாடு. கொய்யாவிலை ஏறு. ஆக்கள் பாக்கட்டும்." அக்காவுக்கு விளையாட விருப்பமில்லை. புத்தகம் வாசிக்கத்தான் விருப்பம். ஆனாலும் இரண்டு வருசமாக ஏறச் சொன்ன மரத்தில் ஏறினாள், குதிக்கச் சொன்ன இடத்தில் குதித்தாள். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்தவன் நான். இன்று நினைத்தால் ஒரு பிள்ளையை அடித்து விளையாட அனுப்பிய வீடு உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

சந்தேகப்பட்ட ஒரே ஆள், எங்களுக்குச் சட்டை தைக்கிறவ. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, அக்காவை மேலும் கீழும் பார்ப்பா.

"பெட்டை இன்னும் பெரியபிள்ளை ஆகேல்லையோ? போன வருசம் தைச்ச சட்டை அப்பிடியே காணுது. வளத்தியும் நிண்டுபோச்சுப் போலை."

"அவள் நோஞ்சல் பிள்ளை" என்பாள் அம்மா. "மெல்லத்தான் வளருவாள்."

வளர்த்தி நின்றுபோனது என்று அந்த அளவு நாடா அன்றே சொன்னது. ஒருவரும் கேட்கவில்லை.

சித்திரை வருசப்பிறப்பு வந்தது. ஒழுங்கை முடிவில் நின்ற புளியமரத்தில் பெரிய ஊஞ்சல் போட்டார்கள். வடக்கயிறு, நீளப் பலகை. இரண்டு முனையிலும் இரண்டு பேர் நின்று உழக்க, நடுவில் நாலைந்து சின்னதுகள் இருந்து கூச்சல் போடும். கயிறு கிளையில் உரசுகிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

மூன்றாம் நாள் அக்கா பாயில் சுருண்டு கிடந்தாள். மாதாமாதம் வருகிற வயிற்றுக்குத்து. வாசல் படலையடியில் சட்டை தைக்கிறவ வந்து நின்று, "ஊஞ்சலடியிலை எல்லாப் பிள்ளையளும் நிக்குது, உங்கடையளைக் காணேல்லை. பெட்டைக்குத் திரும்பவும் வருத்தமோ?" என்று கேட்டா. "திரும்பவும்" என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தினா. அம்மா சிரித்துக்கொண்டு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து அக்காவின் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

"எழும்பு. போய் உழக்கு. அவ பாக்கத்தக்கதா உயர உழக்கு."

"எனக்கு ஏலாது, அம்மா."

"ஏலும். எழும்பு."

பலகையின் ஒரு முனையில் அக்கா, மறு முனையில் நான். நடுவில் ஒருவரும் இல்லை. அக்காவின் உதடு வெளுத்திருந்தது.

"தம்பி, மெல்ல உழக்கு. தலை சுத்துது."

எனக்கு அந்த வயதிலேயே வீம்பு அதிகம். சின்னவன் பெரியவளைக் கொப்புத் தொட வைக்கிறான் என்று நாலு பேர் பார்க்க வேண்டும். முழங்காலை மடித்து ஓங்கி உழக்கினேன். பலகை மேலே போய் ஒரு கணம் நின்றது. அக்காவின் கை கயிற்றை விட்டதை நான் பார்த்தேன். வழுக்கவில்லை. கை சோர்ந்து தானாகவே விட்டது. கீழே முருங்கைக் கொம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. ஐயா ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். யாரோ வேலியைப் பிரித்துக்கொண்டு பாய்ந்தார்கள். பார்த்தால் மாமா. கிளுவை முள் கிழித்த கையோடு அக்காவைத் தூக்கினார்.

"வை கீழை" என்றார் ஐயா. "என்ரை பிள்ளையை நீ தொடாதை."

"இது வேலி இல்லை, அத்தான். பிறகு கோட்டிலை பாப்பம் எண்டு விட. தள்ளுங்கோ."

வாடகைக் கார் பிடித்து, பின் சீற்றில் அக்காவின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது மாமாதான். அம்மா தன் தம்பியின் பக்கத்தில் இருந்து அழுதாள். காலுக்காக அழுதாளா, தம்பி பக்கத்தில் இருந்ததற்காக அழுதாளா, எனக்குத் தெரியாது.

சின்ன டொக்டர் சொன்ன அந்த டொக்டர் அங்கேதான் இருந்தார். சீமையில் பிள்ளைகளின் எலும்பை மட்டும் படித்துவிட்டு வந்து சில மாதங்கள்தான். முப்பது வயது சொல்லலாம். ஒல்லி, நெட்டை. பிள்ளைகளோடு கதைக்கும்போது வெறும் நிலத்தில் குந்திவிடுவார். சட்டைப் பையில் மடக்குகிற பித்தளை அடிமட்டம் ஒன்று வைத்திருந்தார். அதன் இரண்டு கையும் ஒரு ஆணியில் சுற்றும். எலும்பின் சரிவை அளப்பது அதைக்கொண்டுதான். அக்காவை மயக்கி, காலை இழுத்து நேராக்கி, தொடை வரைக்கும் மாக்கட்டுப் போட்டார். காய்ந்த கட்டில் ஒரு பூனை கீறிவிட்டார். சுண்ணாம்பும் மயக்க மருந்தும் கலந்த மணம் அக்காவின் தலைமயிரில் ஒரு கிழமை நின்றது.

ஐயாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. "நிலத்திலை குந்திறவனெல்லாம் டொக்டரே? பூனை கீறுறான்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் திரும்ப எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அம்மா, நான், மாமா போயிருந்தோம். ஐயா வரவில்லை. டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அடிமட்டத்தை விரித்து வைத்தார், எடுத்தார். பிறகு திரும்பினார்.

"அம்மா, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையுங்கோ. பிள்ளை பெரியபிள்ளை ஆகீட்டாவோ?"

மாமா வாசலில் நின்றார். வேலி முள் கிழித்த காயம் அவர் கையில் இன்னும் ஆறவில்லை. அம்மா அவரை ஒருமுறை பார்த்தாள்.

"இல்லை, டொக்டர். அது சின்னப்பிள்ளை."

"வடிவாத் தெரியுமோ?"

"தாய்க்குத் தெரியாமலோ?"

டொக்டர் அடிமட்டத்தை மடக்கிப் பையில் வைத்தார். "அப்ப நல்லது. எலும்பு கட்டுக்குள்ளை கொஞ்சம் சரிஞ்சிட்டுது. இன்னும் இரண்டு மூண்டு வருசம் வளர இருக்கிற பிள்ளையெண்டால் பயமில்லை. வளர வளர எலும்பு தன்ரை பாட்டிலை நிமிந்திடும். வளத்தி முடிஞ்ச பிள்ளையெண்டால்தான் இப்பவே வெட்டித் திறந்து கம்பி போட வேணும். வீணா ஏன் பிள்ளையை வெட்டுவான்?"

அக்கா கட்டிலில் தலையைத் தூக்கினாள். வாய் திறந்தது. அம்மா காய்ச்சல் பார்ப்பது போல அவள் நெற்றியில் கையை வைத்து, தலையணையில் அமர்த்தினாள். அந்தக் கை நெடுநேரம் எடுபடவில்லை. நான் மாக்கட்டில் இருந்த பூனையின் மீசையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் அம்மா, "கத்தி படாமல் அம்மாள் காப்பாத்திப்போட்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆனியில் மாக்கட்டை வெட்டினார்கள். கால் மெலிந்து, தோல் பாம்புச் செட்டை போல உரிந்து, முழங்காலுக்குக் கீழே உள்பக்கமாக வளைந்திருந்தது. நான் இரும்போடு வாழ்ந்தவன். வளைந்த கம்பியை ஒரு பார்வையில் சொல்வேன். அந்தக் கோணல் கண்ணை மூடினால் இன்றைக்கும் தெரிகிறது. டொக்டர் அஞ்சவில்லை. மாதம் ஒரு புதன்கிழமை வரச் சொன்னார். அக்காவைச் சுவரோடு நிறுத்தி உயரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். ஆடியில் கோட்டுக்கு மேலே கோடு விழவில்லை. ஆவணியில் விழவில்லை. புரட்டாதியில் அதே கோட்டின் மேல் பென்சிலை மூன்று தரம் இழுத்து, தன் அடிமட்டத்தையே சந்தேகித்து இன்னொன்றை வாங்கி அளந்தார்.

"நான் எங்கையோ பிழை விட்டிட்டன்" என்றார் மிசியிடம். எங்களுக்குக் கேட்கவென்று சொல்லவில்லை. ஆனால் கேட்டது.

ஐப்பசியில் அம்மாவிடம் அந்தக் கேள்வியைத் திரும்பவும் கேட்டார். அம்மா கழுத்துத் தாலியில் கை வைத்து இல்லை என்றாள். டொக்டர் அக்காவின் இடது மணிக்கட்டைப் படம் எடுக்கச் சொல்லி ஒரு துண்டு எழுதி, அன்றைக்கே எடுப்பித்தார். அடுத்த புதன் தகப்பனையும் கூட்டிவரச் சொன்னார்.

வீட்டில் பெரிய சிரிப்பு. அதற்குள் மாமா வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார். வேலியில் அவர் பிரித்த இடம் ஆள் நுழைகிற பொட்டாகவே நின்றுவிட்டது. அதனூடே வந்து ஐயாவோடு இருந்து வெற்றிலை போடுகிற அளவுக்கு உறவு முற்றியிருந்தது.

"கேட்டியோ மச்சான், கால் முறிஞ்சதுக்குக் கைக்குப் படமாம்" என்றார் ஐயா. "நாளைக்கு மூக்குக்கும் எடுப்பான்."

"படிச்சு முத்தினால் உப்பிடித்தான், அத்தான்."

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பின்னேரம் கிணற்றடியில் என்னிடம் சொன்னாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"மிசி சொன்னவ. மணிக்கட்டிலை எலும்பு வளருற கோடு தெரியுமாம். அதைப் பாத்தால் வளத்தி முடிஞ்சுதோ இல்லையோ எண்டு டொக்டருக்கு விளங்குமாம். நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. கை சொல்லும். பிறகு வெட்டி நேராக்கிவிடுவார்."

அந்தச் செய்தியை வயிற்றுக்குள் வைத்திருக்க எனக்குத் தெரியவில்லை. நாலு பேருக்கும் ஒரே வாய் என்று பழக்கிய வீடு. அன்று மாலையே ஐயாவிடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவி, "நீதான் என்ரை ஆள்" என்றார். பெருமையில் மிதந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, அக்கா பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று ஐயா ஊருக்குச் சொன்னார். அவள் உள்ளறையில் இருத்தப்பட்டாள். தண்ணீர் வார்க்கும் வரைக்கும் ஆண் முகம் படக்கூடாது. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் போகவில்லை.

அதற்கு அடுத்த நாள் முற்றத்தில் மாமா பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார். படலையில் ஒரு கார் வந்து நின்றது. டொக்டர் தனியாக இறங்கினார். கையில் கபில நிறக் கடித உறை. ஐயா படலையை மறித்து நின்றார்.

"பிள்ளையைப் பாக்கேலாது. போன வெள்ளி பெரியபிள்ளையானவள்."

டொக்டர் உறைக்குள் இருந்த படத்தை எடுத்து வெயிலில் பிடித்தார். கறுப்புத் தாளில் அக்காவின் கை வெள்ளையாகத் தெரிந்தது. விரல்கள் எதையோ தொடப் போகிற மாதிரி விரிந்திருந்தன.

"இதைப் பாருங்கோ. இது போன வெள்ளி ஆன பிள்ளையின்ரை கை இல்லை. ஆகிக் குறைஞ்சது ஒன்றரை வருசம் தாண்டீட்டுது. வளத்தி முடியுது. இனி அந்தக் கால் தானா நிமிராது. எனக்கு ஒருத்தரோடையும் கோவம் இல்லை. பிள்ளையை என்னட்டைத் தாங்கோ. வெட்டித் திரும்பப் பொருத்தினால் நேராக்கலாம்."

மாமா குழி தோண்டிய அலவாங்கை நிலத்தில் வைத்தார். "அத்தான், டொக்டர் என்ன சொல்லுறார்?"

"உவருக்கு விசர். பிழையா ஒட்டிப்போட்டு இப்ப எங்களிலை பழி போடுறார்."

"ஒன்றரை வருசமெண்டால், நான் இல்லாமல் இந்த வீட்டிலை..." மாமா முடிக்கவில்லை. முகம் இறுகியது. பிறகு அவர் கண் என்னிடம் வந்தது. "மருமோன், இஞ்சை வா. நீ சின்னப்பிள்ளை, பொய் சொல்லமாட்டாய். டொக்டர் சொல்லுறது சரியெண்டால் நான் இப்பவே உன்ரை அக்காவை இந்தக் காரிலை ஏத்துறன். எப்பவடா அவள் ஆனவள்?"

உள்ளறை யன்னலுக்குப் பின்னால் ஒரு காப்புச் சத்தம் கேட்டது, நின்றது.

ஐயா என்னைப் பார்க்கவில்லை. பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்கு இன்னும் பயம். நான் மாமாவைப் பார்த்தேன். பல வருசத்துக்குப் பிறகு கிடைத்த மாமா. தன் சைக்கிளை ஓடத் தந்த மாமா. உண்மையைச் சொன்னால் அவர் அந்தப் பொட்டால் திரும்பிப் போய் அதை அடைத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

"போன வெள்ளிக்கிழமைதான்" என்றேன்.

"அம்மாளாணை?"

"அம்மாளாணை."

மாமா அலவாங்கை எடுத்தார்.

டொக்டர் படத்தை உறைக்குள் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் படலையடி மண்ணில், வெள்ளைக் காற்சட்டையோடு என் உயரத்துக்குக் குந்தினார். "தம்பி, அக்காவிட்டைச் சொல்லு. எந்தப் புதன்கிழமை வந்தாலும் நான் அங்கை இருப்பன் எண்டு." காற்சட்டை முழங்காலில் சிவந்த மண்ணோடு எழும்பிக் காரில் ஏறினார்.

நான் அக்காவிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா தேங்காய் உடைத்தார், பாலும் அறுகும் வைத்தார், தண்ணீர் வார்த்தார். நாதஸ்வரக்காரர் வாசித்தார்கள். பலகையில் சம்மணம் கட்ட அக்காவால் முடியவில்லை. அந்தக் காலை நீட்டி, அதன்மேல் பட்டுச் சேலையைப் பரப்பி மறைத்தார்கள். சட்டை தைக்கிறவ முன்வரிசையில் இருந்து, மெல்லவும் இல்லாமல் உரக்கவும் இல்லாமல், "கால் வில்லுப் போலை. பாவம், ஆர் கட்டுவான்?" என்றா. அம்மா தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் சேலையை இன்னும் இழுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மாமா வீட்டில் அக்காவுக்கு விருந்து. அம்மாவும் போயிருந்தாள். ஐயா என்னை மேசையில் இருத்தி, முன்னால் வெள்ளைத் தாளும் மைக்கூடும் வைத்தார். அந்தக் காலத்தில் ஊரில் யாரைப் பிடிக்காவிட்டாலும் மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம்தான். கிராமசங்கத்துக்கு எதிராகப் பெட்டிசம், தபாற்காரருக்கு எதிராகப் பெட்டிசம். ஐயாவின் எழுத்துக் கோழி கிளறின மாதிரி இருக்கும். வகுப்பில் முதல் எழுத்து என்னுடையது. அதை இன்றும் நான் சொல்லிப் பெருமைப்படலாம், பெருமைப்பட ஏதாவது இருந்தால்.

"எழுது. 'மேற்படி வைத்தியர் எனது மகளின் காலைக் கவனயீனமாகக் கோணலாய் ஒட்டவிட்டதுமன்றி...' எழுதினியோ? '...காலில் ஏற்பட்ட முறிவுக்குக் கையைப் படம் பிடித்ததுமன்றி, குமர்ப்பிள்ளை இருந்த வீட்டுக்கு அழைப்பின்றி வந்து அவமானம் செய்தபடியால்...'"

"கவனயீனம்" எப்படி எழுதுவது என்று கேட்டேன். சொல்லித் தந்தார். பிழை வந்த ஒரு தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மை காயும்வரை இருவரும் ஊதினோம்.

ஏன் எழுதினார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். இப்போது விளங்குகிறது. அந்தப் படம் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை, அதை வாசிக்கத் தெரிந்த மனிதர் பட்டணத்தில் இருக்கும்வரை, ஐயாவுக்கு மாமாவின் உறவு இல்லை, மானம் இல்லை. வேலியை ஒரு அடி நகர்த்துவது போல அந்த மனிதரை நகர்த்தினார்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை அம்மா கோயிலுக்கு என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு, அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பட்டணத்து பஸ் ஏறினாள். விருந்துச் சாப்பாடு முடிந்த நாளிலிருந்து அவள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. பஸ்ஸில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் டொக்டரிட்டை எல்லாத்தையும் சொல்லுறன், பிள்ளை. காலிலை விழுந்தெண்டாலும் கேப்பன். உங்கடை ஐயா என்னை வெட்டினால் வெட்டட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அக்கா நீளப் பாவாடை கட்டியிருந்தாள். யன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

டொக்டரின் அறையில் வேறொருவர் இருந்தார். சுவரில் பென்சில் கோடுகள் இல்லை. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். வாசலில் நின்ற, நோயாளிகளைக் கூப்பிட்டு விடுகிற ஓடலி எங்களை அடையாளம் கண்டுகொண்டான்.

"சின்னப்பிள்ளையளின்ரை டொக்டரோ? அவரைத் தெற்குக்கு மாத்தியாச்சு, அம்மா. போய் ஒரு கிழமை. உவர் பெரியாக்களுக்குத்தான் பாப்பார். உப்பிடியான காலை ஒருத்தரும் இஞ்சை தொடமாட்டினம்."

"ஏன் மாத்தினவை?"

"ஆரோ பெட்டிசம் போட்டிட்டாங்கள். விசாரணைக்கு வந்த கடுதாசியை நானும் எட்டிப் பாத்தனான். பெரியாளின்ரை எழுத்தில்லை. ஆரோ பள்ளிக்கூடப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிச்சிருக்கிறாங்கள். ஆனால் என்ன எழுத்து! முத்து முத்தா, ஒரு வெட்டுத் திருத்து இல்லை."

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. தெற்கு எவ்வளவு தூரம், எந்த பஸ் போகும் என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா மெதுவாகத் திரும்பினாள். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள்.

"வடிவாத்தான் எழுதியிருப்பாய், என்ன?" என்றாள்.

பிறகு அம்மாவின் தோளைத் தொட்டு, "வாங்கோ போவம், பஸ் போயிடும்" என்றாள். பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வளைந்த காலை முதலில் வைத்து, ஆஸ்பத்திரிப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினாள். நான் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவள் கீழே போய்ச் சேரும்வரை மேலேயே நின்றேன்.